கண்ணாடி இல்லாத அறை

பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் குளித்து வளர்ந்தவர்கள் நம் ஊர்ப் பெண்கள். தாழ்ப்பாள் போட்ட குளியலறையிலும் உடம்பில் ஒரு துணியாவது இருக்கட்டும் என்று பாட்டிமார் சொல்லிவைத்தார்கள். அப்படி வளர்ந்த ஒருவர் நியூ ஜெர்சியில் குடியேறி, மடிக்கணினியில் யோகா வகுப்பு தேடினால், ஆடையில்லாமல் செய்யும் வகுப்புகளும் கண்ணில் படும். முகம் சுளித்து நகர்ந்துவிடலாம். எனக்கு அதில் நின்று யோசிக்க வேண்டிய ஒரு கேள்வி தெரிகிறது. உடுத்தியிருப்பதையெல்லாம் களைந்துவிட்டால் உடம்பு தன்னை இன்னும் நன்றாக உணர்கிறதா?

அமெரிக்காவுக்கு இது புதிதல்ல. நடனக் கலைஞர் மார்கரீத் ஆக்னியெல் 1930களிலேயே யோகாசனங்களை ஆடையின்றிச் செய்து படம் எடுத்து வெளியிட்டார். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர் கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிப்பாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர். அவர் காவி உடுத்தி மேடையில் அமர்ந்திருந்தார். விழாவுக்கு வந்த இளைஞர்கள் பலர் அங்கிருந்த குளத்தில் ஆடையின்றிக் குளித்தார்கள். இந்தியாவிலோ நாகா சாதுக்களும் திகம்பரச் சமணத் துறவிகளும் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே ஆடை துறந்தவர்கள். ஆனால் அவர்கள் ஆடையை விட்டது உடைமை என்ற ஒன்றையே விடுவதற்காக. உடற்பயிற்சிக்காக ஆடை களைவதை அவர்களுடைய மரபு என்று சொல்லி விற்பது எனக்கு ஒப்பவில்லை.

உடம்பின் கதைக்கு வருவோம். கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினாலும் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதே, அந்த உணர்வுக்குத் தசைகளும் தசைநாண்களும் மட்டும் காரணமல்ல, தோலுக்கும் பங்குண்டு. முழங்கால் மடங்கும்போது அதன் மேல் தோல் இழுபடுகிறது. அந்த இழுப்பை அளக்கும் நரம்பு முனைகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூட்டை அசைக்காமல் தோலை மட்டும் இழுத்துவிட்டால், மூட்டு மடங்குவதுபோல ஒரு பிரமை உண்டாவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

தொடு உணர்வையும் வெப்ப உணர்வையும் ஆராய்ந்ததற்குத்தான் 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. சான்ஃபிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜூலியஸும், அதே மாநிலத்தின் தென்பகுதியில் ஆய்வு செய்த ஆர்டெம் பட்டாபூட்டியனும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். அழுத்தத்தையும் இழுப்பையும் உணரும் புரதங்களைப் பட்டாபூட்டியன் குழு கண்டுபிடித்தது, அவற்றில் ஒன்று பியெசோ-2. இந்தப் புரதம் பிறவியிலேயே வேலை செய்யாத இரண்டு பேரைப் பற்றி 2016இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களால் கண்ணைத் திறந்துகொண்டு நடக்க முடிந்தது. கண்ணைக் கட்டியதும் தடுமாறி விழப்போனார்கள். விருட்சாசனத்தில் நாம் ஒற்றைக் காலில் நிற்பது இப்படிப்பட்ட கண்ணுக்குத் தெரியாத புரதங்களின் தயவில்தான்.

ஆனால் இதை வைத்து ‘ஆடை களைந்தால் ஆசனம் துல்லியமாகும்’ என்று சொல்லிவிட முடியாது. ஆடைக்குள் இருந்தாலும் தோல் இழுபடத்தான் செய்யும். உடுத்திய துணியின் உறுத்தலைக் கொஞ்ச நேரத்தில் மூளை மறந்துவிடும். இடுப்பை இறுக்கும் லெக்கிங்ஸ் மூச்சுக்கு இடைஞ்சலாக இருந்தால் அது வேறு. தளர்ந்த பருத்தி உடையே அதற்குப் போதும். ஆடையில்லாதபோது கூடுதலாகக் கிடைப்பது காற்றின் தொடுகையும் தட்பவெப்ப உணர்வும். அது சுகமாக இருக்கிறது என்றால் அந்தச் சுகம் உண்மைதான், மறுக்கவில்லை.

பெரிய மாற்றம் மனத்தில் நடக்கிறது. 1998இல் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்க மாணவர்களிடம் செய்த சோதனை என்னை இன்றும் உலுக்குகிறது. சிலருக்கு நீச்சலுடை, சிலருக்கு ஸ்வெட்டர். உடுத்திக் கண்ணாடியில் பார்த்தபின் கணக்குப் போடச் சொன்னார்கள். நீச்சலுடை அணிந்த பெண்கள் கணக்கில் பின்தங்கினார்கள். ஆண்களிடம் அந்தச் சரிவு இல்லை. அந்த அறையில் வேறு யாருமே இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பிறர் கண்ணைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு வளர்ந்தவளுக்கு ஒரு கண்ணாடியே போதுமானதாக இருந்தது.

இதற்கு எதிர்த்திசையில் இழுப்பது யோகா. சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி ஆய்வாளர் ஜெனிஃபர் டாபன்மயர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், யோகா செய்யும் பெண்கள் தம் உடலை ஒரு காட்சிப்பொருளாகப் பார்ப்பது குறைவாக இருந்தது. பசி, களைப்பு போன்ற உடலின் உள் உணர்வுகளைக் கவனிப்பது கூடுதலாக இருந்தது. லண்டனில் கியான் வெஸ்ட் என்ற உளவியலாளர் நிர்வாணத்தையே ஆராய்ந்தார். 849 பேரிடம் கேட்டதில், ஆடையில்லாக் கூடல்களில் அதிகம் கலந்துகொண்டவர்களுக்குத் தம் உடலைப் பற்றிய மனநிறைவும் அதிகம் இருந்தது. அடுத்து 51 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தபோது, ஆடையின்றிப் பழகிய குழுவில் உடல்கூச்சம் குறைந்தது. தொப்பையும் தழும்பும் உள்ள சாதாரண உடம்புகளோடு ஓர் அறையில் இருந்ததன் பலனாக இது இருக்கலாம். ஆனால் பங்கெடுத்தவர்கள் மிகச் சிலர், அதுவும் விரும்பி வந்தவர்கள். எல்லாரும் நேரில் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

இணைய வகுப்பு இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. திரையில் ஒரு கட்டத்தில் உங்கள் முகம், உங்கள் உடம்பு. ஸ்டான்ஃபர்டின் ஜெரமி பெய்லன்சன் குழு 2021இல் 10,000க்கும் மேற்பட்டோரிடம் காணொளிக் கூட்டக் களைப்பைப் பற்றிக் கேட்டது. மிக அதிகக் களைப்பு என்றவர்கள் பெண்களில் 13.8 சதவீதம், ஆண்களில் 5.5 சதவீதம். தன் உருவத்தையே ஓயாமல் பார்க்க நேர்வது இந்த இடைவெளிக்கு ஒரு முக்கியக் காரணமாக இருந்தது. ஆடையைக் களைந்துவிட்டுக் கேமராவைத் திறந்து வைப்பவர், ஃபிரெட்ரிக்சனின் அந்தக் கண்ணாடியைத் தானே தூக்கிவந்து எதிரில் வைத்துக்கொள்கிறார்.

இன்னொரு அபாயமும் இருக்கிறது. எதிர்முனையில் இருப்பவர் தன் கைபேசியால் திரையைப் படம் எடுத்தால் எந்தக் குறியாக்கமும் அதைத் தடுக்காது. குறியாக்கத்தையே முழுதாக நம்பவும் முடியாது: தன் குறியாக்கத்தைப் பற்றி மிகைப்படுத்திச் சொன்னதாக ஜூம் நிறுவனத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த குற்றச்சாட்டு, 2020 நவம்பரில் ஓர் உடன்பாட்டில் முடிந்தது. ஒருவரின் அந்தரங்கப் படத்தை அனுமதியில்லாமல் பரப்புவதைக் குற்றமாக்குவதில் நியூ ஜெர்சி 2004இலேயே முந்திக்கொண்டது. டெக்சஸும் 2015இல் சட்டம் போட்டது. சட்டம் தண்டிக்கும், வெளியே போன படத்தைத் திரும்பக் கொண்டுவருவது அதன் கையில் இல்லை.

ஆகவே, செய்ய விரும்பும் தோழிக்கு நான் சொல்வது இதுதான். வகுப்பைக் கேளுங்கள், பாருங்கள். உங்கள் கேமராவை மூடி, மேலே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவிடுங்கள். அலுவலக மடிக்கணினி வேண்டவே வேண்டாம். கேமராவைத் திறந்தால்தான் சேர்ப்பேன் என்கிற ஆசிரியரை விட்டு விலகுங்கள். பழைய யோக நூலான ஹட யோகப் பிரதீபிகை பயிற்சிக்குச் சொல்லும் இடமும் தனிமையான சிறு குடில்தான்: சின்ன வாசல், துளையோ பொந்தோ இல்லாத சுவர், சாணம் மெழுகிய தரை.

அறையின் சூட்டையும் கவனியுங்கள். ஆடையில்லாத உடம்பு சும்மா இருக்கும்போது குளிராமல் இருக்க ஏறக்குறைய 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வேண்டும். நியூ ஜெர்சிக் குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டரை நாம் 20, 21இல்தான் வைக்கிறோம். வியர்த்தால் யோகா விரிப்பில் கால் வழுக்கும், மேலே ஒரு பருத்தித் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். கடைசியில் சவாசனத்தில் படுக்கும்போது அசைவு நின்று உடம்பு விரைவாகக் குளிரும். பழைய வேட்டியோ புடவையோ ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் மடித்து வைத்திருங்கள், அப்போது போர்த்திக்கொள்ளலாம்.