முகவரியின் வாலைப் பாருங்கள்



சென்ற ஆண்டு என் பழைய மாணவி ஒருத்திக்குக் கல்லூரி விடுதியில் இடம் கிடைத்தது. பெற்றோர் பால்மரம் வெட்டுகிறவர்கள். மின்னஞ்சலில் கடிதம் வருமென்று நாள்தோறும் கைப்பேசியைப் பார்த்தார்கள். கடிதமோ ஸ்பாம் என்னும் குப்பைப் பெட்டியில் கிடந்தது. பதில் அனுப்பவேண்டிய கடைசி நாளன்றுதான் கண்டெடுத்தோம்.

நல்ல கடிதம் ஏன் குப்பையில் விழுகிறது? ஒரு காரணம், அனுப்பியவர் முகவரியின் வால். டாட் காம் 1985 முதல் இருந்துவரும் வால். டாட் எம்ஒய் மலேசியாவுக்கு உரியது. டாட் ஜிஓவி டாட் எம்ஒய் அரசாங்க அலுவலகங்களுக்கு மட்டுமே. டாட் டாப், டாட் எக்ஸ்ஒய்இஸட் போன்றவை 2014இல் வந்தவை; மலிவாகக் கிடைப்பவை.

ஒரு லயத்தார் சிலர் தோட்டத்துக் கடையில் பற்று வைத்து ஏமாற்றினால், அதே லயத்து நல்லவருக்கும் பற்றுக் கொடுக்கக் கடைக்காரர் தயங்குவார் அல்லவா? வால்களின் கதையும் அதுதான். பசிபிக் கடலில் டொக்கெலாவ் என்று சின்னஞ்சிறு தீவுகள் உண்டு. அவற்றின் வாலான டாட் டிகே பல ஆண்டுகள் இலவசமாகக் கிடைத்தது. மோசடிக்காரர்கள் மொய்த்தார்கள், வாலின் பெயர் கெட்டது. 2023இல் இலவசப் பதிவு நின்றுபோனது.

பெரும்பாலும் வாலை மட்டும் பார்த்துத் தள்ளிவிடுவதில்லை. நாங்கள் தேர்வுத்தாள் திருத்துவதுபோல், வடிகட்டும் கணினியும் புள்ளி போடுகிறது. இங்கே புள்ளி கூடினால் தோல்வி! சந்தேகத்துக்குரிய வாலுக்குச் சில புள்ளி. அனுப்பியவர் அடையாளம் உறுதியாகாவிட்டால் சில. பணம், பரிசு என்று ஆசை காட்டினால் சில. ஸ்பாம்அசாசின் என்னும் வடிகட்டியில் வழக்கமான எல்லை 5 புள்ளி. மொத்தமாகக் கடிதம் அனுப்புவோர் தங்கள் அடையாளத்தை நிரூபிக்கவேண்டும் என்று கூகிளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் விதித்துள்ளன.

பெற்றோர்களே, நாம் செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, வாரம் ஒருமுறை குப்பைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஜிமெயிலில் 30 நாளில் அது அழிந்துவிடும். நல்ல கடிதம் இருந்தால், 'இது ஸ்பாம் அல்ல' என்ற பொத்தானை அழுத்துங்கள், கணினி கற்றுக்கொள்ளும். இரண்டாவது, முகவரியைக் கடைசியிலிருந்து படியுங்கள். நடுவில் ஜிஓவி டாட் எம்ஒய் என்றிருந்து, முடிவில் வேறு வால் இருந்தால் அது அரசாங்கக் கடிதம் அன்று. மூன்றாவது, நல்ல வாலையும் போலியாக ஒட்டுவோர் உண்டு. ஆகவே வங்கி இரகசிய எண்ணை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அந்தப் பெண் இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள். உங்கள் பிள்ளைக்கும் ஒரு கடிதம் காத்துக்கிடக்கலாம். இன்றிரவே பாருங்கள்.