பாட்டியின் கருவியும் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வியும்

2020ஆம் ஆண்டின் இறுதியில், பிடோக்கில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சமூக மன்றத்தில் பாட்டியுடன் வரிசையில் நின்றேன். டிரேஸ்டுகெதர் கருவியை வாங்க வந்த கூட்டம் அது. அப்போது நான் உயர்நிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தேன்.

“இதை மாட்டிக்கிட்டா நான் யாரைப் பாக்குறேன்னு போலிசுக்குத் தெரியுமா?” என்று பாட்டி கேட்டார். ஈரச்சந்தையையும் கோயிலையும் தவிர வேறெங்கும் போகாதவர் இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது.

“இல்ல பாட்டி, கிருமித்தொற்றுக்கு மட்டும்தான். அமைச்சரே சொல்லிட்டாரு.”

நான் சொன்னது கற்பனை இல்லை. அறிவார்ந்த தேசத் திட்டத்துக்குப் பொறுப்பு வகித்த அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், அந்தத் தரவு தொடர்புத் தடமறிதலுக்கு மட்டுமே பயன்படும் என்று 2020 ஜூன் மாதம் கூறியிருந்தார். கருவியும் நாம் இருக்கும் இடத்தைப் பதிவுசெய்யாது. அருகில் இருந்த மற்றக் கருவிகளை புளூடூத் வழியாகக் குறித்துவைத்து 25 நாள்களில் அழித்துவிடும்.

2021 ஜனவரி 4ஆம் தேதி நாடாளுமன்ற உறுப்பினர் கிறிஸ்டஃபர் டி சூசா இதுகுறித்துக் கேள்வி எழுப்பினார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ், குற்ற விசாரணைக்காகக் காவல்துறை இந்தத் தரவைப் பெறலாம் என்று உள்துறைத் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் பதிலளித்தார். அன்று மாலை பாட்டி என்னைத் திட்டவில்லை. “நீ சொன்னதை நம்பித்தான் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் சொன்னேன்” என்று மட்டும் சொன்னார். அதற்குத் திட்டே தேவலை.

எங்கே தவறு நடந்தது? அந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, விசாரணைக்குத் தேவையான ஆவணத்தையோ தரவையோ கேட்டுப் பெறும் அதிகாரத்தைக் காவல்துறைக்குத் தருகிறது. டிரேஸ்டுகெதருக்கு அதில் விலக்கு இல்லை. அமைச்சர் மேடையில் தரும் வாக்குறுதி, நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை மாற்றிவிடாது. மறுநாள் அமைச்சர் விவியனே நாடாளுமன்றத்தில், முன்பு அப்படிப் பேசியபோது இந்தச் சட்டம் தமக்குத் தோன்றவில்லை என ஒப்புக்கொண்டார். அவர் அதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால், அதற்குள் நாட்டில் வசிப்போரில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல் செயலியையோ கருவியையோ பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர்.

அடுத்து நடந்தது வேகமாக நடந்தது. பிப்ரவரி 1ஆம் தேதி அவசர மசோதா ஒன்று தாக்கல் செய்யப்பட்டு மறுநாளே நிறைவேறியது. கொலை, பயங்கரவாதம், ஆள்கடத்தல், கடுமையான பாலியல் குற்றம் போன்ற ஏழு வகைக் குற்றங்களுக்கு மட்டுமே காவல்துறை அந்தத் தரவைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் வரையறுத்தது. மீறுவோருக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அரசாங்க அதிகாரிகளுக்கும் விலக்கில்லை. தடமறிதலுக்கு மட்டுமே தரவு பயன்பட வேண்டும் என்பதே தம் கட்சியின் விருப்பம் என்றாலும், முன்பிருந்ததைவிட இது அதிகாரத்தைக் குறுக்குவதால் ஆதரிப்பதாக எதிர்க்கட்சித் தலைவர் பிரித்தம் சிங் கூறினார்.

இதில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்றும் குழப்பம் உண்டு. கொலை வழக்கில் உதவும் தகவல் கையில் இருந்தும் காவல்துறை அதைப் பார்க்கக் கூடாது என்று, பாதிக்கப்பட்ட குடும்பத்திடம் போய்ச் சொல்ல முடியுமா? பாட்டிக்கு அந்தக் குழப்பம் இல்லை. “கொலைகாரனைப் பிடிக்கணும்னா எடுத்துக்கட்டும். ஆனா, வாங்குறப்பவே சொல்லியிருக்கணும்.” ஆஸ்திரேலியா 2020 மே மாதத்திலேயே தன் கொவிட் செயலிக்குத் தனிச்சட்டம் இயற்றி, காவல்துறை அந்தத் தரவை விசாரணைக்குப் பயன்படுத்தத் தடை விதித்துவிட்டது. அங்கே சட்டம் முதலில் வந்தது. இங்கே ஒருவர் கேட்ட பிறகு வந்தது. அவர் ஆளும் கட்சி உறுப்பினர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கேள்வி எழாதிருந்தால், நான் பாட்டியிடம் சொன்னதையே இன்னும் எத்தனை மாதம் சொல்லிக்கொண்டிருந்திருப்பேனோ!

2023இல் கருவிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். 2020 மே மாதத்தில் நடந்த ஒரு கொலை வழக்கு தொடர்பான தரவைத் தவிர மற்ற அனைத்தும் அழிக்கப்பட்டதாக 2024 பிப்ரவரியில் அரசாங்கம் அறிவித்தது. கருவியின் கழுத்துப்பட்டையில் பாட்டி இப்போது வீட்டுச் சாவியை மாட்டியிருக்கிறார்.

அண்மையில் அவர் இன்னொன்று கேட்டார். மோசடிக்காரர்களிடம் பணத்தை இழக்கப்போகிறவர் யார் சொல்லியும் கேட்காவிட்டால், அவரது வங்கிக் கணக்கைக் காவல்துறை முடக்கலாமாமே? ஆம், 2025 ஜூலை 1ஆம் தேதி முதல் அப்படி ஒரு சட்டம் நடப்பில் உள்ளது. முதலில் 30 நாள், தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். பல முதியவர்களின் சேமிப்பைக் காக்கக்கூடிய சட்டம்தான். இம்முறை உடனே பதில் சொல்லாமல், சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

“தப்பா முடக்கிட்டா யார்கிட்ட முறையிடுறது?”

“காவல்துறை ஆணையர்கிட்ட, பாட்டி. அவர் முடிவுதான் இறுதி.”

பாட்டி சாவியை ஆட்டிக்கொண்டே சற்று யோசித்தார். “போலிசு செஞ்சதைப் போலிசுகிட்டயேவா?”