விஷமுறி ஊசியும் உடலின் நான்கு எதிர்வினைகளும்

மடுல்கெல்ல போன்ற மலைநாட்டுத் தேயிலைப் பகுதிகளில் கொழுந்து பறிப்போரும் புல் வெட்டுவோரும் அஞ்ச வேண்டிய பாம்புகளுள் ஒன்று, சிங்களத்தில் குணகட்டுவா எனப்படும், மூக்கு நுனி மேல்நோக்கி எழுந்த குழிவிரியன் ஆகும். அதன் கடி பெரும்பாலும் வீக்கத்தோடும் கொப்புளத்தோடும் அடங்கினாலும், சிலருக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது. ஆயினும் இலங்கை வைத்தியசாலைகளில் உள்ள இந்தியத் தயாரிப்பு விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டே உருவாக்கப்படுவதால், குணகட்டுவாக் கடிக்கு அது பயன்தராது. உறவினர் வற்புறுத்தியும் மருத்துவர் அந்த ஊசியைப் போட மறுப்பது அலட்சியம் அன்று. நன்மை இல்லாத இடத்தில் எஞ்சுவது அம்மருந்தின் ஆபத்து மட்டுமே.

அந்த ஆபத்து மருந்து உருவாகும் முறையிலேயே அடங்கியுள்ளது. பாம்பு நஞ்சு சிறுசிறு அளவுகளில் குதிரைக்கு ஏற்றப்பட, அதன் குருதியில் நஞ்சை முறிக்கும் பிறபொருளெதிரிகள், அதாவது அந்நியப் பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள், உருவாகின்றன. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இதற்கான நஞ்சைத் தரும் முக்கிய நிறுவனமாகும். நஞ்சிலிருந்து உயிரைக் காக்கும் இந்தக் குதிரைப் புரதமும் மனித உடலுக்கு அந்நியப் பொருளே என்பதால், உடலின் காவலமைப்பாகிய நிர்ப்பீடனத் தொகுதி அதையும் எதிர்க்கக்கூடும். காக்க எழும் எதிர்ப்பு அளவு மீறி உடலுக்கே கேடு செய்வது மிகையுணர்திறன் எனப்படும். பிலிப் ஜெல், ராபின் கூம்ஸ் ஆகிய பிரித்தானிய அறிஞர்கள் 1963 இல் இதை நான்கு வகைகளாகப் பிரித்தனர்.

முதல்வகை நிமிடங்களில் எழுவது. மகரந்தம், இறால், பெனிசிலின் போன்ற ஒரு பொருளை உடல் முன்பே சந்தித்து, ஐஜிஈ எனும் பிறபொருளெதிரியை ஆக்கி வைத்திருந்தால், அது தோலிலும் மூச்சுக்குழலிலும் உள்ள மாஸ்ட் கலங்களின் மேல் ஒட்டிக் காத்திருக்கிறது. அதே பொருள் மீண்டும் நுழைந்ததும் அக்கலங்கள் ஹிஸ்டமின் முதலிய இரசாயனங்களைக் கொட்டுவதால் தடிப்பும் இழுப்பும் தோன்றி, கடுமையான நிலையில் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேர்கிறது. இந்நிலைக்கு அனாபிலாக்சிஸ் என்ற பெயரை 1902 இல் வழங்கியவர்கள் பிரெஞ்சு அறிஞர்களான சார்ல்ஸ் ரிஷேயும் போல் போர்த்தியேயும் ஆவர்.

விஷமுறி மருந்து இந்தப் பாடநூல் விளக்கத்துக்குள் முழுமையாக அடங்குவதில்லை என்பதே இதில் சுவையான செய்தி. குதிரைப் புரதத்தை வாழ்நாளில் முதன்முறையாகப் பெறுவோருக்கும் சில நிமிடங்களில் தடிப்பும் மூச்சுத்திணறலும் வருகின்றன. ஐஜிஈயின் துணையின்றியே, குருதியிலுள்ள நிரப்புப் புரதங்கள் தூண்டப்படுவது போன்ற வழிகளாலும் மாஸ்ட் கலங்கள் தம் இரசாயனங்களைக் கொட்டுகின்றன எனக் கருதப்படுகிறது. ஆகவே தோலில் சிறுதுளி செலுத்திப் பார்க்கும் சோதனை, யாருக்கு எதிர்வினை வரும் என்பதை முன்கூட்டிச் சொல்லப் பயன்படாது. இலங்கையில் 1007 பேரிடம் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு ஏதேனும் ஓர் உடனடி எதிர்வினை காணப்பட்டது. விஷமுறி மருந்துக்கு முன் தோலடியில் சிறிதளவு அட்ரினலின் செலுத்தியது கடுமையான எதிர்வினைகளைக் கணிசமாகக் குறைத்தது. வழக்கமாக நம்பப்பட்டு வந்த ஹைட்ரோகோர்டிசோனும் புரோமெத்தசினும் அவ்வாறு குறைக்கவில்லை.

இரண்டாம் வகையில் பிறபொருளெதிரிகள் கலங்களையே நேரடியாகத் தாக்குகின்றன. பொருந்தாத குருதி ஏற்றப்படும்போது செங்குழியங்கள் சிதைவது இதனால்தான். நான்காம் வகையில் பிறபொருளெதிரிக்குப் பங்கில்லை. டி-கலங்கள் எனும் வெண்குழியங்கள் திரண்டு வரவே நேரம் எடுப்பதால், காசநோய்க்கான மாண்டூ சோதனையின் தடிப்பு 48 முதல் 72 மணித்தியாலங்களின் பின்னர் அளக்கப்படுகிறது; சீமெந்திலுள்ள குரோமியத்தால் கொத்தனாரின் கைகளில் வரும் கரப்பானும் இவ்வகையே.

பாம்புக்கடி நோயாளி வீடு திரும்பிய பிறகே தலைகாட்டுவது மூன்றாம் வகை. குதிரைப் புரதத்துக்கு எதிராக உடல் புதிதாக ஆக்கும் பிறபொருளெதிரிகள், குருதியில் இன்னும் எஞ்சியுள்ள அப்புரதத்தோடு பிணைந்து நுண்ணிய கூட்டுகளாகி, இரத்தக்குழாய்ச் சுவர்களிலும் மூட்டுகளிலும் படிந்து அழற்சியை மூட்டுகின்றன. 1905 இல் கிளெமென்ஸ் வொன் பிர்க்கேயும் பேலா ஷிக்கும் விரிவாக எழுதிய இந்த ‘சீரம் நோய்’, ஊசி போட்ட பின் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் காய்ச்சல், மூட்டுவலி, அரிப்புத் தடிப்பு, நெறிகட்டல் ஆகியவையாக வெளிப்படுகிறது. தோட்ட லயங்களில் இதைக் ‘கடிவிஷம் இன்னும் இறங்கவில்லை’ என்று எண்ணி நாட்டு வைத்தியரை நாடவும், சாதாரணக் காய்ச்சலென விட்டுவிடவும் வாய்ப்பு மிகுதி. ஒவ்வாமை எதிர்ப்பு மாத்திரைகளுக்கும், தேவைப்படின் சில நாள் ஸ்டீரொய்ட் மருந்துக்கும் இது பெரும்பாலும் கட்டுப்படும். ஆனால் இரு வாரங்களுக்குள் விஷமுறி ஊசி பெற்றதை நோயாளி சொன்னால்தான் மருத்துவர் அதை விரைவில் இனங்காண முடியும் என்பதால், வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தரப்படும் நோய்க் குறிப்பு அட்டையை அந்த நாட்களில் கைவசம் வைத்திருப்பது நன்று.