220 தினார் குதிரையும் 3 கிலோ தவிடும்

பாண்டிய நாட்டு மன்னர் ஆண்டுக்கு 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார், ஆண்டு முடிவில் அவற்றில் 100 கூட மிஞ்சுவதில்லை என்று 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்க்கரையைக் கண்ட மார்க்கோ போலோ எழுதினார். அதாவது இழப்பு 95 சதவீதம். அரசரின் உடன்பிறந்தார் நால்வரும் அதே அளவு வாங்கினார்கள் என்பது அவர் கணக்கு. ஐவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள். பயணிகள் சொல்லும் முழு எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பாதியைத் தள்ளிவிட்டாலும் 5,000 குதிரைகள் நிற்கும்.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இதே வணிகத்தை விற்றவர் பக்கமிருந்து பதிவு செய்கிறார். மாபார் என்று அரபியர் அழைத்த தமிழ்க்கரைக்கும் காம்பே முதலான துறைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள். மொத்த மதிப்பு 22,00,000 தினார். வகுத்தால் ஒன்றுக்கு 220 பொன் தினார் வருகிறது. பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவு வணிகர் ஜமாலுதீன் தன் சொந்த வளர்ப்பிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். கடலில் இறந்த குதிரைக்கும் அரச கருவூலம் விலை கொடுக்கும் என்பது ஒப்பந்த விதிகளில் ஒன்று. 1,400 குதிரைகளின் மதிப்பு 3,08,000 தினார். அதில் விற்றவரின் இடர் பூஜ்யம்.

95 சதவீத இழப்பின் விலை இப்படி: 2,000 குதிரைகளில் 1,900-ஐ மறு ஆண்டு மீண்டும் வாங்க வேண்டும், 220 தினார் வீதம் 4,18,000 தினார். இழப்பு 10 சதவீதமாக இருந்திருந்தால் 44,000 தினாரில் முடிந்திருக்கும். ஒரே அரசருக்கு வித்தியாசம் ஆண்டுக்கு 3,74,000 தினார். போலோவின் எண்ணிக்கையையும் வஸ்ஸாஃபின் விலையையும் நான் சேர்த்துப் பெருக்கியிருக்கிறேன். துல்லியம் கோர முடியாது. இழப்பின் அளவை உணர இது போதும்.

காரணத்தை இருவருமே தீவனத்திலும் பராமரிப்பிலும்தான் காண்கிறார்கள். போலோ சொல்வது இறைச்சியோடு வேகவைத்த சோறு. வஸ்ஸாஃப் சொல்வது வறுத்த பார்லி, வெண்ணெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பசும்பால். பிறகு கொழுக்கட்டும் என்று கயிறும் முளையுமாக லாயத்தில் 40 நாள் கட்டிப்போடுவது. அதன் பின் பழக்காமலே ஏறி விரட்டுவது. 3 வயதுக்கு மேல் குதிரைக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடும். அசையாமல் 40 நாள் தானியம் தின்ற குதிரையைத் திடீரென ஓட்டினால் தசை இறுகி விழும். குளம்பு அழற்சியும் குடல் வலியும் அதே வழியில் வருபவை. ஈரப்பதமும் பூச்சி கடித்துப் பரவும் நோய்களும் தம் பங்கைச் செய்திருக்கும். ஆயினும் அன்றைய தீவனங்களில் ஒரு பொதுக் குறை உண்டு. தீட்டிய அரிசி 100 கிராமில் கால்சியம் 10 மி.கி., பாஸ்பரஸ் 160 மி.கி.; விகிதம் 1:16. பார்லியில் ஏறத்தாழ 1:7. குதிரைக்குத் தேவையானது இதற்கு நேர்மாறு: கால்சியம் பாஸ்பரஸுக்குக் குறையக் கூடாது, 1.5 அல்லது 2 மடங்கு இருப்பது நல்லது.

இன்றைய எண்ணிக்கை சிறியது. நாடு முழுவதும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2003-இல் 7.51 லட்சம், 2012-இல் 6.25 லட்சம், 2019-இன் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் 3.42 லட்சம். கடைசி 7 ஆண்டுகளில் மட்டும் சரிவு 45 சதவீதம். கழுதைகள் அதே காலத்தில் 3.2 லட்சத்திலிருந்து 1.24 லட்சமாகி 61 சதவீதம் குறைந்தன. எண்ணிக்கை குறையும்போது குதிரை பார்த்துப் பழகிய மருத்துவரும் லாடம் கட்டுபவரும் குறைவார்கள் என்று எதிர்பார்க்கலாம். ஹிசாரில் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் 1985-இல் வந்தது. அது விழுப்புரம் மாவட்டத் திண்டிவனத்துக்குச் சாலை வழியே 2,000 கி.மீ.-க்கும் அப்பால்.

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் மயிலத்துக்குச் சாலை பிரியும் கூட்டேரிப்பட்டில், சவாரிக்கோ ஊர்வலத்துக்கோ ஒருவர் 400 கிலோ எடையுள்ள ஒரு குதிரை வைத்திருப்பதாகக் கொள்வோம். நெல் விளையும் ஊரில் எளிதில் கிடைப்பவை வைக்கோலும் தவிடும். நாளுக்கு வைக்கோல் 6 கிலோ, அரிசித் தவிடு 3 கிலோ போடுகிறார். இலேசான வேலை செய்யும் இந்த எடைக் குதிரைக்கு அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 2007-ஆம் ஆண்டு அட்டவணை சொல்லும் தேவை: புரதம் 559 கிராம், கால்சியம் 24 கிராம், பாஸ்பரஸ் 14.4 கிராம்.

புரதம் முதலில். வைக்கோலில் 4 சதவீதம் என்றால் 240 கிராம், தவிட்டில் 13 சதவீதம் என்றால் 390 கிராம், மொத்தம் 630 கிராம். தேவையைவிட 71 கிராம் கூடுதல். ஆற்றலும் ஏறத்தாழ ஈடாகும். குதிரை மெலியாது, மயிர் மினுங்கும், உரிமையாளருக்குக் குறை எதுவும் தெரியாது.

கால்சியம் அடுத்து. வைக்கோலில் 0.25 சதவீதம், 15 கிராம். தவிட்டில் 0.07 சதவீதம், 2.1 கிராம். மொத்தம் 17.1 கிராம், தேவைக்கு 6.9 கிராம் குறைவு. பாஸ்பரஸோ வைக்கோலில் 6 கிராமும் தவிட்டில் 48 கிராமும் சேர்ந்து 54 கிராம், தேவையைப் போல் 3.75 மடங்கு. விகிதம் 1:3.2. மிகுதியான பாஸ்பரஸ், இருக்கும் கால்சியம் உடலில் சேர்வதையும் தடுக்கிறது. இரத்தத்தில் கால்சியம் குறையவிடாமல் உடல் எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டுவதால் இரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. சில மாதங்களில் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும் நொண்டலும், பின்னர் முக எலும்பு வீக்கமும் வரும். தவிடு தின்னும் குதிரைகளின் பழைய நோய் இது. சுண்ணாம்புக்கல் தூளால் மட்டும் சரிசெய்ய நினைத்தால், விகிதம் 1.5:1 ஆக 81 கிராம் கால்சியம் வேண்டும். குறைபாடு 64 கிராம். 38 சதவீதக் கால்சியமுள்ள தூளில் நாளுக்கு 168 கிராம். அத்தனை தூளைக் கலந்தால் குதிரை தொட்டியை விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

பக்கத்திலேயே மாற்று இருக்கிறது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் டி.எம்.வி. 2, 1967-இல் டி.எம்.வி. 7 ஆகிய நிலக்கடலை இரகங்களை வெளியிட்ட இடம். கடலை பறித்தபின் மிஞ்சும் கொடியில் கால்சியம் 1.2 சதவீத அளவிலும் புரதம் 10 சதவீத அளவிலும் இருக்கும். கொடி 3 கிலோ, வைக்கோல் 4 கிலோ, கொள்ளு 1.5 கிலோ, தவிடு 0.25 கிலோ என்று மாற்றினால் கால்சியம் 36, 10, 4.3, 0.2 என 50.5 கிராம். பாஸ்பரஸ் 6, 4, 4.7, 4 என 18.7 கிராம். விகிதம் 2.7:1, பாஸ்பரஸ் தேவை நிறைவேறுவதால் வளர்ந்த குதிரைக்கு இது தீங்கில்லை. புரதம் 822 கிராம். கொள்ளின் சிறப்பும் இங்கே தெரிகிறது: 100 கிராமில் புரதம் 22 கிராம், கால்சியம் 287 மி.கி., பாஸ்பரஸ் 311 மி.கி. ஏறத்தாழ 1:1. நம் தானியங்களில் கேழ்வரகைத் தவிர எதிலும் இந்த விகிதம் இல்லை.

விலையைப் பார்க்க, கணக்குக்காக மட்டும், கிலோவுக்கு வைக்கோல் 8 ரூபாய், கொடி 10 ரூபாய், தவிடு 25 ரூபாய், கொள்ளு 70 ரூபாய் என்று வைப்போம். வாசகர் தம் ஊர்ச் சந்தை விலையைப் போட்டுக்கொள்ளலாம். பழைய தீவனம் நாளுக்கு 48 + 75 = 123 ரூபாய். புதியது 30 + 32 + 105 + 6.25 = 173.25 ரூபாய். வித்தியாசம் நாளுக்கு 50.25 ரூபாய், ஆண்டுக்கு 18,341 ரூபாய். கூடுதல் செலவு கொள்ளில்தான். மொத்தத்தில் அதன் பங்கு 61 சதவீதம். கொடி ஆண்டுக்கு 1,095 கிலோ வேண்டும். ஹெக்டேருக்கு 2 டன் காய்ந்த கொடி என்று கொண்டால் 0.55 ஹெக்டேர், ஏறத்தாழ 1.35 ஏக்கர் கடலைக்காட்டின் கொடி ஒரு குதிரைக்கு. பூஞ்சணம் பிடித்த கொடியை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

மாட்டுக்கு ஆகிவந்ததெல்லாம் குதிரைக்கு ஆகாது. பால்மாடு வைத்திருப்போர் வளர்க்கும் கம்பு–நேப்பியர் ஒட்டுப்புல்லில் (கோ-4, கோ-5) உலர் எடையில் ஆக்சலேட் ஏறத்தாழ 2.5 சதவீதம். 400 கிலோ குதிரை எடையில் 2 சதவீதம் உலர் தீவனம் தின்றால் 8 கிலோ. பச்சையாக 40 கிலோ. அதில் ஆக்சலேட் 200 கிராம். புல்லில் கால்சியம் 0.45 சதவீதம் என்றால் 36 கிராம். 1 கிராம் கால்சியத்தைப் பிணைக்க 2.2 கிராம் ஆக்சலேட் போதும். 200 கிராம் 91 கிராமைப் பிணைக்கும். இருப்பதோ 36. மாட்டின் அசையூண் வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நம் கொழுக்கட்டைப் புல் இனத்தை மட்டும் மேய்ந்த குதிரைகளுக்கு இதே எலும்பு நோய் வந்தது. கால்சியத்துக்கும் ஆக்சலேட்டுக்கும் உள்ள விகிதம் 0.5-க்குக் கீழே போனால் ஆபத்து என்பது அங்கே கண்ட எல்லை. மேற்கண்ட புல்லில் அது 0.18.

குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர் மட்டுமே. ஒரு வேளைக்குத் தானியம் உடல் எடையில் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 400 கிலோவுக்கு 2 கிலோ. 1.5 கிலோ கொள்ளை 3 வேளைக்கு 500 கிராமாகப் பிரிப்பது அதனினும் பாதுகாப்பு. ஊறவைத்து அவித்துப் போடும் பழைய வழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை.

ஓய்வில் 500 கிலோ குதிரை குளிர்ந்த நாளில் குடிப்பது ஏறத்தாழ 25 லிட்டர். 400 கிலோவுக்கு 20 லிட்டர். மே மாத வெயிலில் வேலையும் சேர்ந்தால் 2 முதல் 3 மடங்கு, 40 முதல் 60 லிட்டர். வியர்வை 1 லிட்டரில் சோடியம் சுமார் 3 கிராம். 5 லிட்டர் வியர்த்தால் 15 கிராம் போய்விடும், அதை மீட்கச் சமையல் உப்பு 40 கிராம் வேண்டும். 10 கிராம் போட்டுவிட்டு நிறைவு கொள்வது கால்பங்குக் கணக்கு.

லாயம் 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. சாணமும் சிறுநீரும் நாளுக்கு 20 முதல் 25 கிலோ. ஆண்டுக்கு 7 முதல் 9 டன். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் 2 நாள் அள்ளாமல் விட்டால் குளம்புக்கு அடியில் 40 முதல் 50 கிலோ ஈரம். குளம்பு மாதம் சுமார் 9 மி.மீ. வளர்கிறது, 8 வாரத்துக்கு ஒருமுறை சீவினாலும் அதற்குள் 17 மி.மீ. நீண்டிருக்கும். ஆண்டுக்கு 6 அல்லது 7 முறை லாடம் கட்டுபவர் வந்தாக வேண்டும். அன்றைய குதிரை வணிகர்கள் லாடம் கட்டுபவரை இக்கரைக்கு வரவிடாமல் தடுத்தார்கள் என்கிறார் போலோ. குதிரை பிழைத்தால் விற்பனை குறையும்.

பழைய தீவனத்திலிருந்து புதியதற்கு ஒரே நாளில் மாறக் கூடாது. தவிட்டை நாளுக்கு 250 கிராமாகக் குறைத்தால் 3 கிலோவிலிருந்து 250 கிராமுக்கு வர 11 நாள். வைக்கோலையும் அதே 11 நாளில் 6 கிலோவிலிருந்து 4 கிலோவுக்குக் குறைக்கலாம். கொள்ளு நாளுக்கு 136 கிராம் வீதமும் கொடி 273 கிராம் வீதமும் ஏற வேண்டும். இடையில் குதிரை வயிற்றைத் திரும்பிப் பார்த்தாலோ காலால் உதைத்தாலோ, நாடி நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினாலோ (இயல்பு 28 முதல் 44), தீவனத்தை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.