எது இன்லெட், எது எக்ஸாஸ்ட்? கேம்ஷாப்டைக் கழற்றும் முன் கவனியுங்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி பகுதிகளில் வாழையும் நெல்லும் மூழ்கின. வீட்டு வாசலில் நின்ற கார், வயலில் நின்ற பம்புசெட் இன்ஜின் ஆகியவற்றையும் வெள்ளம் விட்டுவைக்கவில்லை.

தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்ப்பதே முதல் தவறு. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிறகு ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். அங்கேதான் கேம்ஷாப்ட் குழப்பம் வருகிறது.

கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாப்ட் ஒரு சுற்று சுற்றும். அதிலுள்ள மேடுகள் வால்வுகளை அழுத்தித் திறக்கும். பம்புசெட்டில் இரு வால்வுகளுக்கும் பொதுவாக ஒரே ஷாப்ட்தான். இன்றைய கார்கள் பலவற்றில் இரண்டு இருக்கும்: ஒன்று காற்று உள்ளே வர, மற்றது புகை வெளியேற. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். இடம் மாறினால் வால்வு திறக்கும் நேரம் தவறிவிடும். பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் இடித்து வால்வு வளையும். ஹெட் வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஹெட்டில் இருக்கும்போது அடையாளம் காண்பது எளிது. ஏர் பில்டர் குழாய் வந்து சேரும் பக்கத்தில் இருப்பது இன்லெட். சைலன்சர் குழாய் புறப்படும் பக்கத்தில் இருப்பது எக்ஸாஸ்ட். கழற்றி மேசையில் வைத்துவிட்டால் முதலில் எழுத்தைத் தேட வேண்டும். பல ஷாப்டுகளில் ‘இன்’, ‘எக்ஸ்’ என்பதற்கான ஆங்கில எழுத்துகள் பதிந்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால்தான் தெரியும். மேடு உயரமாக இருப்பது இன்லெட் என்று சிலர் சொல்வது எல்லா இன்ஜினுக்கும் பொருந்தாது. சென்சார் வெட்டு, முனையில் உள்ள பல்சக்கரம் ஆகியவையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த மாடலின் சர்வீஸ் புத்தகம்தான் முடிவு. மெக்கானிக்கின் ஞாபகத்தைவிட, கழற்றும் முன் வைத்த ஒரு பொட்டு பெயிண்டும் செல்போனில் எடுத்த படமும் நம்பகமானவை.

ஷாப்டைப் பிடித்திருக்கும் கேப்களையும் கலக்கக் கூடாது. அவை அந்த ஹெட்டோடு சேர்த்துக் கடையப்பட்டவை. எண்ணும் அம்புக்குறியும் பார்த்து அதனதன் இடத்திலேயே மாட்ட வேண்டும்.

பம்புசெட்டில் எந்த வால்வு எது என்று சந்தேகம் வந்தால், பிளைவீலை ஓடும் திசையில் மெதுவாகச் சுற்றலாம். ஒரு வால்வு மூடிக்கொண்டிருக்கும்போதே மற்றது திறக்கத் தொடங்கும். மூடுவது எக்ஸாஸ்ட், திறப்பது இன்லெட். இன்லெட் மூடியபின் ஏறக்குறைய முக்கால் சுற்றுக்கு இரண்டும் அசையாது.

காரில் டைமிங் பெல்ட்டோ செயினோ மாட்டியதும் உடனே சாவியைத் திருகக் கூடாது. கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று கையால் சுற்ற வேண்டும். எங்காவது முட்டினால் பலம் போட்டுத் தள்ளாமல் அங்கேயே நிறுத்தி, டைமிங் குறிகளை மறுபடி சரிபார்க்க வேண்டும்.