ஒரு கிராம் நிலக்கரியில் எவ்வளவு வெப்பம்?

நிலக்கரியை எடை பார்த்து மட்டும் யாரும் வாங்குவதில்லை. எரித்தால் எவ்வளவு வெப்பம் கிடைக்கும் என்பதை வைத்துத்தான் இந்தியாவில் அதை ஜி1 முதல் ஜி17 வரை தரம் பிரிக்கிறார்கள். இதற்கு எரிவெப்பம் (ஒரு பொருள் முழுவதும் எரியும்போது வெளிவரும் வெப்பம்) என்று பெயர்.

எப்படி அளப்பது? சுமார் ஒரு கிராம் கரிப்பொடியைத் தடித்த எஃகுக் கலத்தில் வைத்து மூடி, ஏறக்குறைய 30 வளிமண்டல அழுத்தத்துக்கு ஆக்சிஜனை நிரப்புவார்கள். கலத்தைத் தண்ணீருக்குள் இறக்கி, மெல்லிய கம்பியில் மின்சாரம் பாய்ச்சிப் பற்றவைப்பார்கள். தண்ணீர் எத்தனை டிகிரி சூடேறுகிறது என்று பார்ப்பார்கள். இந்தக் கருவிதான் பாம் கலோரிமீட்டர்.

தண்ணீரின் எடையை வைத்தே கணக்குப் போடலாமே? முடியாது. எஃகுக் கலமும், தண்ணீர் இருக்கும் வாளியும், அதைக் கலக்கும் கலக்கியும்கூடச் சூட்டை வாங்கிக்கொள்கின்றன. அதனால் எரிவெப்பம் துல்லியமாகத் தெரிந்த பென்சாயிக் அமிலத்தை முதலில் எரிக்கிறார்கள். அதில் 1 கிராம் 26.43 கிலோஜூல் தரும். வெப்பநிலை 2.643 டிகிரி ஏறியதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்தால், டிகிரிக்கு 10 கிலோஜூல். இதுவே கருவி மாறிலி (முழுக் கருவியையும் ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்).

இனி நிலக்கரி. 1 கிராம் எரிந்து 2.00 டிகிரி ஏறினால், 20 கிலோஜூல். 4.184-ஆல் வகுத்து, கிலோவுக்கு மாற்றினால் 4,780 கிலோகலோரி. அதாவது ஜி9.

வெப்பமானி தவறாக 2.06 காட்டினால்? 4,924 கிலோகலோரி என்று வரும். 4,900-ஐத் தாண்டிவிட்டதால் அதே கரி ஜி8 ஆகிவிடும், விலையும் ஏறும். 0.06 டிகிரிப் பிழை ஒரு லோடு முழுவதன் விலையையும் மாற்றிவிடுகிறது! பற்றவைத்த கம்பியின் வெப்பத்தையும், வெளியே கசியும் சூட்டையும் ஆய்வகங்கள் திருத்திக் கணக்கிடுவது இதனால்தான். இங்கே எளிமைக்காக அவற்றை விட்டிருக்கிறேன்.

அறிக்கையில் நீங்கள் எதைப் பார்க்க வேண்டும்? முதலில் ஈரம். காயவைத்த மாதிரிக்கு எண் கூடும். லாரியில் வருவதோ ஈரக்கரி. அடுத்து, அது மொத்த மதிப்பா, நிகர மதிப்பா என்பது. எரியும்போது உண்டாகும் நீராவி மூடிய கலத்துக்குள் திரும்பத் தண்ணீராகி, தன் வெப்பத்தையும் கொடுத்துவிடும். அதுவும் சேர்ந்தது மொத்த மதிப்பு. கொதிகலனில் அந்த ஆவி புகைபோக்கி வழியே போய்விடுவதால் கைக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு.

பென்சாயிக் அமிலத்தை வைத்துக் கருவியைக் கடைசியாகச் சரிபார்த்த தேதியையும் கேளுங்கள். அதைக் காட்ட முடியாத ஆய்வகத்தின் எண்ணை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.