தண்டவாளத்தைத் தாண்டும் கேபிளும் குழாயும்... யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

மதுரை தெற்குவாசல் மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் வில்லாபுரம். ஆட்களுக்கும் வண்டிகளுக்கும் பாலம் இருக்கிறது. குடிநீர்க் குழாய், மின்சாரம், பாதாளச் சாக்கடை, இன்டர்நெட் கேபிள் இவையெல்லாம் எப்படித் தாண்டும்? பாலத்துக்குக் கீழே குறுக்கே கிடப்பது மானாமதுரை வழியாக ராமேஸ்வரம் போகும் ரயில் பாதை. 1902-ல் மதுரையிலிருந்து மண்டபம் வரை போடப்பட்ட வழித்தடம்.

‘அந்தப் பக்கம் ஒரு போஸ்ட், இந்தப் பக்கம் ஒரு மாடி. நடுவில் ஒயரை இழுத்துக் கட்டினால் முடிந்தது’ என்று தோன்றலாம். இன்று அது உயிரோடு விளையாடும் வேலை. தண்டவாளத்துக்கு மேலே ஓடும் மின்கம்பியில் 25,000 வோல்ட். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். இழுத்துக் கட்டிய கேபிள் அறுந்து அதன்மேல் விழுந்தால், அந்த மின்சாரம் வீட்டு டி.வி. வரை வந்துவிடக்கூடும். ரயிலும் நின்றுபோகும்.

மின்சாரம் கீழேதான்!

11,000 வோல்ட் வரையிலான மின் லைன்கள் ரயில் பாதையைத் தரைக்கு அடியில்தான் கடக்க வேண்டும் என்பது ரயில்வே விதி. உயரமான கோபுரங்களில் போகும் மிக உயர் அழுத்த லைன்களுக்கு மட்டுமே மேலே அனுமதி உண்டு. எந்த லைனும் கூடுமானவரை செங்குத்தாகக் குறுக்கே போக வேண்டும். தண்டவாளத்தை ஒட்டியே நீளமாக ஓடினால், ரயில் மின்கம்பியின் தாக்கத்தால் அந்த லைனிலும் மின்சாரம் தூண்டப்படும்.

குழாய்க்குள் குழாய்

குடிநீர்க் குழாயை அப்படியே புதைக்க விடமாட்டார்கள். முதலில் பெரிய உறைக் குழாய். அதற்குள்தான் தண்ணீர்க் குழாய். காரணம் எளிது. குழாய் கசிந்தால் தண்டவாளத்தைத் தாங்கும் மண் அரிக்கும், பாதை அமுங்கும். உறை இருந்தால் கசிவு வெளியே வடியும். தண்டவாளத்தைத் தோண்டாமலே உள்குழாயை உருவி மாற்றலாம். உறையைத் தள்ளிப் பதிக்கும் நேரத்தில் அந்த இடத்தில் ரயில்களின் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். நாள் குறிப்பதும், வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்குவதும், ரயில்வே பொறியாளர் மேற்பார்வையும் இதனால்தான். ‘பக்கத்துத் தெருவரைக்கும் குழாய் வந்துவிட்டது, நமக்கு ஏன் வரவில்லை?’ என்ற கேள்விக்கு, பல ஊர்களில் பதில் இந்தத் தண்டவாளத்தில்தான் இருக்கிறது.

வழி மட்டும்தான்

இந்த அனுமதிக்கு ரயில்வே வைத்திருக்கும் பெயர் ‘வேலீவ்’. கட்டணம் கட்டி, ஒப்பந்தம் போட்டு வாங்க வேண்டும். கிடைப்பது கடந்துபோகும் வழி மட்டுமே. நிலத்தில் எந்த உரிமையும் வராது. நாளை இரட்டைப் பாதை வருகிறது என்றால் குழாயை மாற்றித்தான் ஆக வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

வீட்டு இணைப்புக்காக நீங்களே ரயில்வே இடத்தில் இறங்காதீர்கள். மாநகராட்சி, மின்வாரியம், கேபிள் நிறுவனம் என இணைப்புத் தருபவர்தான் மதுரை ரயில்வே கோட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதியின்றி நுழைந்தால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு.

தண்டவாளத்தின் மேல் ஒயர் தொங்குவதைப் பார்த்தால் கிட்டே போகாதீர்கள், குச்சியால் தள்ளவும் வேண்டாம். 139-க்கு ஒரு போன் போதும்!